ஏணியக்கா சுரண்டிய சுவர்

பெயிண்ட் வேலைக்குப் பெண்கள் வராத காலத்தில், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தவள் அவள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊருக்கு அவள் ஏணியக்கா. பெரியவர்களுக்கும் அக்கா, பொடிசுகளுக்கும் அக்கா. அவளைவிட மூத்த கொத்தனார்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். "உங்களுக்கு நான் எந்த ஊர் அக்கா?" என்று அவளும் விடாமல் கேட்பாள்.

புருஷன் பஸ் டிரைவர். நல்ல மனுஷன், சண்டை என்றால் நாலு தெரு தள்ளிப் போய்விடுவான். வீட்டில் ஏதாவது முடிவு எடுக்க வேண்டி வந்தால், "எனக்கு பஸ்தான் ஓட்டத் தெரியும், குடும்பத்தை நீயே ஓட்டு" என்று செய்தித்தாளை விரித்துக்கொள்வான். அவளும் ஓட்டினாள்.

புருஷனுடைய தம்பிக்கு வீட்டுத் தரகு வேலை. அவனுக்கு வாய்தான் மூலதனம். பூட்டிய வீட்டின் முன்னால் நின்று பேசினால், பார்க்கிறவனுக்கு உள்ளே விளக்கு எரிகிற மாதிரி தோன்றும். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து எப்போதும் தொங்கும். யோசிக்கும்போது கை அதைப் போய்க் குலுக்கும். ஒருநாள் அவன்தான் அந்தப் பேச்சை எடுத்தான். அடுத்தவன் வீட்டை விற்றுக் கொடுத்து எத்தனை நாளைக்குக் கமிஷன் வாங்குவது, பழைய வீடாகப் பார்த்து நாமே வாங்குவோம், நீங்கள் அழகு பண்ணுங்கள், நான் விற்றுக் கொடுக்கிறேன், ஆளுக்குப் பாதி என்றான். அவள் தன்னிடம் இருந்த நகையை எல்லாம் கழற்றிப் போட்டுக் கூட்டில் சேர்ந்தாள். நகை போனதில் வருத்தமில்லை. ஏணியில் ஏறும்போது வளையல் இடித்துக்கொண்டுதான் இருந்தது என்றாள்.

முதல் வீட்டிலேயே சிக்கல் வந்தது. பார்க்க வந்தவர் ஏணி மேல் நின்றவளை அண்ணாந்து பார்த்து, மழை பெய்தால் ஒழுகுமா என்று கேட்டார். மாடிப்படிக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஒழுகும், தட்டு ஓடு பதித்தால் நின்றுவிடும் என்று இவள் உள்ளதைச் சொன்னாள். வந்தவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். கொழுந்தன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் அந்த ஏற்பாடு பிறந்தது.

"அண்ணி, இனிமே வாய் எனக்கு, கை உங்களுக்கு. ஆள் வந்தா நீங்க ஏணி மேலயே இருங்க, ஒரு வார்த்தை பேசாதீங்க. நானும் உங்க சுவத்துல கை வைக்க மாட்டேன். என்ன கலர், என்ன பூச்சு, எத்தனை நாள்னு ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆம்பிளைகள் கீழே நின்றுகொண்டு இங்கே அடி, அங்கே அடி என்று விரலை நீட்டுவது அவளுக்கு ஆகாது. ஒழுகும் இடத்தைத் தானே அடைத்துவிட்டால் பிறகு பேச என்ன இருக்கிறது? சரி என்று வாக்குக் கொடுத்தாள், அப்படியே நடந்தும் காட்டினாள். வீடு பார்க்க வருகிறவர்கள் அவளை ஊமை என்றே நினைத்தார்கள். ஒரு அம்மா பாவப்பட்டு, தனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் பேச வைப்பார் என்று கொழுந்தனிடம் விலாசம் கொடுத்துவிட்டுப் போனாள். அதைச் சொல்லிச் சொல்லிப் புருஷன் ஒரு மாதம் சிரித்தான். அந்த டாக்டரிடம் மட்டும் போய்விடாதே, இருக்கிற நிம்மதியும் போய்விடும் என்றான்.

இப்படி வாங்குவதும் விற்பதுமாகச் சில வருஷம் நன்றாகவே ஓடியது. கடைத்தெருவில் ஒரு சின்னக் கடையிடம்கூட இரண்டு பேர் பெயரிலும் வாங்கிப் போட்டார்கள். அப்புறம்தான் முற்றம் வைத்த அந்த வீடு வந்தது.

நல்ல வீடு. முன்னால் கூடம், பக்கத்தில் ஒரு அறை, பின்னால் இன்னொரு அறை. பின் அறையில் காலை வெயில் தரையில் பாய் விரித்த மாதிரி விழும். விற்றவன் அந்த அறையின் மூலையில் பெரிய மர அலமாரியை நிறுத்தி வைத்திருந்தான். பாரம் அதிகம், கிரயம் முடிந்ததும் ஆள் வைத்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். எடுத்துக்கொள்ளவும் செய்தான். அலமாரி போன இடத்தில், மேல்மூலையிலிருந்து கல்லுக்குக் கல் படியிறங்கி வந்த மாதிரி ஒரு விரிசல் தரைவரைக்கும் நின்றது.

சுவரில் விரிசல் இல்லாத வீடு எங்கேயும் கிடையாது. செத்த விரிசல் என்றால் பட்டி பார்த்து, அதாவது மாவுப் பூச்சை அப்பித் தேய்த்து, மூடிவிடலாம். உயிருள்ள விரிசல்தான் ஆபத்து. எது செத்தது, எது உயிருள்ளது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டிவிட வேண்டும். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். ஏணியக்கா ஒட்டினாள். இரண்டு மழை பெய்து ஓய்ந்தது. போய்ப் பார்த்தால் கண்ணாடி நடுவில் வெட்டினாற்போல் பிளந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்தடித்திருக்கும் என்றான் கொழுந்தன். பூட்டிய அறைக்குள் எந்தப் பிள்ளை பந்தடித்தது என்று இவள் கேட்டாள். இன்னொன்று ஒட்டினாள். அதுவும் உடைந்தது.

கொத்தனாரைக் கூட்டி வந்து வெளிப்பக்கம் மூலையைத் தோண்டச் சொன்னாள். கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. செங்கல் துண்டு, கந்தல், உடைந்த ஓடு என்று வாரி வெளியே போட்டார். யாரோ எந்தக் காலத்திலோ பழைய கிணற்றைக் கண்டதையும் கொட்டித் தூர்த்து, அதன் மேலேயே மூலையை வைத்து அறையைக் கட்டியிருக்கிறார்கள். கெட்டித் தரை வருகிறவரை தோண்டி அஸ்திவாரத்தை எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அறையையே இடிக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் அந்த மூலையில் யாரும் படுக்காமல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்.

அறையை இடித்தால் வீடு நினைத்த விலைக்குப் போகாது. விற்காமலும் இருக்க முடியாது. அவளும் புருஷனும் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் தம் மகனுக்கு வீடு வேண்டும் என்று காலி பண்ணச் சொல்லிவிட்டார். இந்த முற்றத்து வீட்டை விற்று வருகிற பங்கில், அடுத்த தெருவில் ஒரு சின்ன வீடு வாங்குவதாக எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். ஆயுசு முழுக்க மற்றவர் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தவளுக்கு ஒரு சொந்தச் சுவர். புருஷன் அந்த வீட்டு ஜன்னலோரம் தன் நாற்காலி எங்கே வரும் என்பதுவரை அளந்து வைத்திருந்தான். இது விற்கவில்லை என்றால் அது இல்லை.

கொழுந்தன் அதற்குள் ஆள் பிடித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், அவருடைய அக்கா ஒருத்தி. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வாழ்நாளெல்லாம் வாடகை கொடுத்துவிட்டு, இந்த வயசில் முதன்முதலாகச் சொந்த வீடு தேடுகிறார்கள். அக்கா பேசிக்கொண்டே இருப்பாள், தம்பி ஆமாம் போட்டுக்கொண்டே இருப்பார். முதல் தடவை வந்தபோது, வெட்ட வெளிச்சத்தில் விரிசல் தெரியக்கூடாது என்று கொழுந்தன் அந்த மூலையில் சாரப்பலகைகளை அடுக்கி, மேலே துணியைப் போர்த்தி வைத்திருந்தான். வேலை நடக்கிறது, தூசி என்றான். ஏணியக்கா கூடத்துச் சுவரில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அந்த அம்மாள் குரல் கேட்டது. இந்த அறை எனக்கு, வெயில் வருகிறது, முழங்கால் வலிக்கு நல்லது, கட்டிலை அந்த மூலையில் போட்டுவிட்டால் படுத்தபடியே முற்றத்தைப் பார்க்கலாம் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். துணி போர்த்திய அதே மூலையைத்தான் கையைக் காட்டினாள்.

உப்புத்தாள் அப்படியே நின்றுவிட்டது. ஆனாலும் வாக்கு வாக்குதான். அவள் வாய் திறக்கவில்லை.

அவர்கள் போனதும் கீழே இறங்கினாள். கொழுந்தன் முந்திக்கொண்டான். நல்லபடியாகப் பட்டி பார்த்து மூடிவிடுங்கள், உங்கள் கை பட்டால் கடவுளுக்கே தெரியாது என்றான். மாட்டேன் என்றாள் அவள்.

"நம்மகிட்ட அலமாரியை வெச்சு மறைச்சுத்தானே அவன் வித்தான்? நாம அவனை என்ன பண்ண முடிஞ்சது? வந்ததை அப்படியே கைமாத்தி விடுறோம், அண்ணி. நாமளா கிணத்தைத் தூர்த்தோம்?"

"இல்ல தம்பி. ஆனா பட்டி நான்தானே பாக்கணும்?"

விஷயத்தைச் சொல்லி விலையைக் குறைப்போம் என்றாள். சொன்னால் மனை விலைகூடத் தேறாது என்றான். இருக்கிற கடையிடத்தை விற்று அஸ்திவாரத்தைச் சரிபண்ணிவிட்டு விற்போம் என்றாள். மகள் படிப்புக்குக் கட்ட வேண்டியதை இதில் போட்டிருக்கிறேன், மழை முடிந்துதான் தோண்ட முடியும், அதுவரைக்கும் காலேஜ் காத்திருக்காது என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரியும் இல்லை. வேலைக்கு யாரும் கூப்பிடாத நாளில், எங்கள் அண்ணி அடித்தால் பத்து வருஷம் உரியாது என்று வீடு வீடாகச் சொல்லி வேலை பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். அதை அவள் மறக்கவில்லை. அதனால்தான் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் செய்தித்தாளை மடக்கினான். அது அபூர்வம். ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், ஒரு பக்கம் நீ, நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் யாரையாவது இடித்துவிடுவேன் என்றான். சற்றுப் பொறுத்து, ஜன்னலோரம் போடாவிட்டால் நாற்காலியில் உட்கார முடியாதா என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் அவளுக்கு ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் வெள்ளையடிக்கிற வேலை. திரும்பி வந்த மறுநாள் கொழுந்தன் போன் பண்ணினான். இன்றைக்குக் கம்பவுண்டர் முன்பணம் கொடுக்க வருகிறார், ஜன்னல் கம்பிக்கு ஒரு பூச்சுப் பாக்கி இருக்கிறது, வந்து முடித்துவிடுங்கள் என்றான். குரல் ரொம்ப நயமாக இருந்தது. அதிலேயே அவளுக்குப் பொறி தட்டியது.

பின் அறைக்குள் போனாள். பலகை இல்லை, துணி இல்லை, விரிசலும் இல்லை. இளமஞ்சள் நிறத்தில் சுவர் வழவழவென்று நின்றது. உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினாள். பூச்சு இன்னும் குளிர்ச்சி விடவில்லை.

யார் கை வைத்தது என்று கேட்டாள்.

"நான் வைக்கல அண்ணி. ஆளை வெச்சேன்."

சுவர் யாருடையது என்று அவள் கேட்டாள். வீடு இருவருடையது என்றான். வீட்டைக் கேட்கவில்லை, சுவரைக் கேட்கிறேன் என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கடைசியாக ஒரு தடவை காதோடு சொன்னான்: பேச மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும். ஞாபகம் இருக்கிறது என்று அவளும் சொன்னாள்.

கம்பவுண்டரின் அக்கா இந்தத் தடவை கையோடு திரைச்சீலைத் துணி கொண்டு வந்திருந்தாள். நேரே பின் அறைக்குப் போய் ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். தம்பி, நிறம் ஒத்துப்போகுதா பாரு என்றாள். ஒத்துப்போகுது என்றார் அவர், சரியாகப் பார்க்காமலே. முன்பணம் வைத்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கொழுந்தன் வெயிலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தான்.

ஏணியக்கா ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மூலையில் சாத்தினாள். ஏறினாள். இடுப்பிலிருந்து பட்டித் தகட்டை எடுத்தாள். மேல்மூலையில் தகட்டின் முனையை வைத்து ஓர் அழுத்து அழுத்திக் கீழே இழுத்தாள். ஈரப் பட்டி சுருள் சுருளாக உரிந்து தரையில் விழுந்தது. அவள் அவசரப்படவில்லை. எந்த நாளும் வேலை செய்கிற மாதிரியே ஒரு படி இறங்கினாள், அங்கே சுரண்டினாள். அடுத்த படி இறங்கினாள், அங்கே சுரண்டினாள்.

கொழுந்தனுக்குப் பேச்சு பாதியில் அறுந்தது. "அண்ணி, என்ன பண்றீங்க" என்றான். அவள் திரும்பவில்லை. கம்பவுண்டரைப் பார்த்துச் சிரித்து, ஏதோ பூச்சு சரியில்லை போல, மறுபடியும் அடிக்கிறார்கள் என்று சமாளித்தான். அதற்குள் விரிசல் பாதிச் சுவருக்கு இறங்கிவிட்டது.

அந்த அம்மாள் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"இது என்னம்மா?"

ஏணியக்கா சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். எத்தனை நாளா இருக்கு இது?"

ஏணியக்கா பட்டித் தகட்டால் கொழுந்தனைச் சுட்டிக் காட்டினாள். பிறகு மறுபடியும் சுவருக்குத் திரும்பினாள்.

அந்தம்மாவுக்குப் பேச வராதோ என்று கம்பவுண்டர் மெதுவாகக் கேட்டார். பேச வராதவள் மாதிரி தெரியவில்லை, பேச வேண்டாம் என்று இருக்கிறவள் மாதிரி தெரிகிறது என்றாள் அவருடைய அக்கா. சொல்லுங்க சார் என்று கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள். பூச்சு வெடிப்பு என்று ஆரம்பித்தான். தகடு கரகரவென்று கீழே இறங்கியது. மழையீரம் என்றான். தகடு இன்னும் இறங்கியது. ஒவ்வொரு சமாதானத்துக்கும் சுவர் கொஞ்சம் திறந்துகொண்டே வந்தது. கடைசியில் அவள் தரையில் குந்தி, அடிப்பகுதியையும் சுத்தம் பண்ணிவிட்டு எழுந்து, ஒதுங்கி நின்றாள். உச்சியிலிருந்து தரைவரை எல்லாம் தெரிந்தது. சாவிக்கொத்து கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் கொழுந்தன், கீழே பழைய கிணறு ஒன்று இருக்கிறது என்றான்.

கம்பவுண்டர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அவருடைய அக்கா போகவில்லை. ஏணியக்காவுக்கு எதிரே வந்து நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தால் அதுதான் இல்லை.

"அன்னிக்கு நான் கட்டில் எங்க போடணும்னு சொன்னப்போ நீ கூடத்துலதானே இருந்தே? காதுல விழுந்ததா இல்லையா?"

ஏணியக்கா தலையாட்டினாள்.

"அப்புறம் ஏன் இன்னிவரைக்கும் காத்திருந்தே? நான் அங்க குடியிருக்கிற வீட்டைக் காலி பண்றதா சொல்லிட்டு வந்திருக்கேன். உன் மௌனத்தைக் கொண்டுபோய் எந்த அடுப்புல போட."

துணியை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கொழுந்தன் அதற்குப் பிறகு கத்தியதெல்லாம் ஏணியக்காவுக்கு உறைக்கவில்லை, அந்த அம்மாள் கேட்ட கேள்விதான் உறைத்தது. கொடுத்த வாக்கைத் தான் மீறவேயில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. அப்படி ஒரு வாக்கைக் கொடுத்ததே தப்பு என்று அன்றைக்குத்தான் பட்டது.

கூட்டு உடைந்தது. கொழுந்தன் வீட்டுக்கு வந்து, அண்ணனை நடுவில் உட்கார வைத்துப் பேசினான். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்க எனக்குத் தெரியாது, உங்கள் வீம்புக்கு நான் ஏன் அழ வேண்டும் என்றான். அவ்வளவு நியாயம் பேசுகிறவர்கள் விரிசல் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கடையிடத்தை எனக்கு எழுதிக் கொடுங்கள், கணக்கு சரியாகிவிடும் என்றான். பயந்து இறங்கி வருவாள் என்று நினைத்திருப்பான்.

"சரி" என்றாள்.

யோசித்துச் சொல்லுங்கள் என்று அவனே சொன்னான். யோசித்தாயிற்று என்றாள். புருஷன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நாற்காலியை எடுத்துக்கொண்டு போகலாமா, அதுவும் கணக்கில் வருமா என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவளே சிரித்தாள்.

வாடகை வீட்டைக் காலி பண்ணி அங்கே குடிபோனார்கள். பின் அறைக்குப் பூட்டு போட்டுவிட்டு முன்பக்கத்திலேயே சமையல், படுக்கை எல்லாம். மழை முடிந்ததும் கொத்தனார் வந்தார். அஸ்திவாரம் எழுப்ப வழியில்லை, இடித்துவிடுவோம் என்றாள். கூரையை இறக்கியதும் சம்மட்டியை அவள் கேட்டு வாங்கினாள். கொழுந்தன் பெண்டாட்டி செய்தி கேட்டு வந்து முற்றத்தில் நின்று, நல்ல அறையைப் போய் இடிக்கிறாளே, பைத்தியம் முற்றிவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். ஏணியக்கா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லும்மா, கல்லு தெறிக்கும்" என்றாள். சொன்னவள் தள்ளித்தான் நின்றாள். மூலைச் சுவர் மூன்றாம் அடிக்கே தானாகச் சாய்ந்தது. தூசி அடங்கியபோது சொன்னவள் வாசலுக்கே போயிருந்தாள்.

கிணறு இருந்த இடத்தில் வேலி போட்டுச் செடி வைத்தார்கள். ஓர் அறை குறைந்த வீடு. வீட்டில் இருக்கிறவர்களைக் கொல்லாத வீடு.

கடையிடமும் போய், கையிருப்பும் போய், பழையபடி கூலிக்குத்தான் ஏணியைத் தூக்கினாள். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கம்பவுண்டரின் அக்கா போகிற இடமெல்லாம் திட்டியே அவளைப் பிரபலம் ஆக்கிவிட்டாள். வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் ஏணியக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் ஏறிப் பார்ப்பாள், தட்டிப் பார்ப்பாள், இறங்கி வந்து உள்ளதைச் சொல்வாள். இப்போது வாயும் அவளுடையதுதான். தரகர்களுக்கு அவள் தலையைக் கண்டாலே வேப்பங்காய். ஒருவன் தனியாகக் கூப்பிட்டு, சும்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனால் ஒரு நாள் கூலி தருகிறேன் என்றான். தலையாட்டுகிற வேலையை நிறைய நாள் சம்பளமில்லாமல் பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டு, அவன் காட்டிய வீட்டின் குளியலறைச் சுவரை அவன் எதிரிலேயே தட்டிக் காட்டினாள். பொத்தென்று உதிர்ந்தது.

கொழுந்தனோடு பேச்சுவார்த்தை இல்லை. விசேஷங்களில் பார்த்தால் அவன் புருஷனோடு பேசுவான், இவள் அவன் மகளோடு பேசுவாள். கடையிடத்தை விற்று மகளை அவன் படிக்க வைத்துவிட்டான். அதில் இவளுக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் போய்ச் சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள், கல்யாணமான புதுசில் வீடு தேடிய ஒரு பஸ் கண்டக்டர் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். கேட்டைத் திறந்தால் உள்ளே சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நிற்பது கொழுந்தன். ஏணி உள்ளே நுழைவதைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிவிட்டது. முன்னைவிட முடி நரைத்திருந்தது. கண்டக்டரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் வந்தான். சொந்தக்காரர்கள் என்று ஓர் இது வேண்டாமா, இதுதான் எனக்குப் பிழைப்பு என்று தெரியாதா என்றான்.

"தெரிஞ்சதாலதான் தம்பி முதல்ல உங்ககிட்ட நிக்கிறேன். நீங்களே சொல்றீங்களா, நான் ஏறிப் பாக்கட்டுமா?"

அவன் அவளைப் பார்த்தான். ஏணியைப் பார்த்தான். ஒரு கணம் பழைய வீம்பு வந்து முகத்தில் நின்றது, அப்புறம் போயிற்று. கண்டக்டரைக் கைகாட்டிக் கூப்பிட்டான். மொட்டைமாடியில் கிழக்கு ஓரம் தண்ணீர் தேங்கும், தளத்தைத் திரும்பப் போட வேண்டியிருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி விலையைப் பேசிக்கொள்ளலாம் என்றான். சொல்லி முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

ஏணியக்கா சரி என்று தலையாட்டினாள். அது மட்டும்தானா என்று பார்க்க மாடிக்கு ஏறினாள்.